இருட்டும் பாடம்தான்

கல்லூரியில் முப்பது ஆண்டுகள் ஒளியியல் நடத்தியிருக்கிறேன். ஆண்டுக்கு ஒரு மாணவராவது கேட்பார்: "லென்ஸ், ஆடியெல்லாம் பழைய கதை இல்லையா சார்? இனி எல்லாம் உயிரியலும் கம்ப்யூட்டரும்தானே?" கடைசிச் சில ஆண்டுகளாக அதற்கு நான் சொல்லிவந்த பதில், டிஎன்ஏவை ஒளியால் எழுதும் கருவி.

டிஎன்ஏ நான்கே எழுத்துகளால் ஆன சங்கிலி. கண்ணாடித் தகட்டின் மேல் அதை எழுத்தெழுத்தாகக் கட்டலாம். ஒவ்வொரு எழுத்தின் நுனியிலும் ஒரு வேதி மூடி இருக்கும். புற ஊதா ஒளி பட்ட இடத்தில் மூடி கழலும். அங்கே மட்டும் அடுத்த எழுத்து ஒட்டும். இந்த வழியை அமெரிக்காவில் ஸ்டீபன் ஃபோடரும் சகாக்களும் 1991-ல் அறிவித்தார்கள். அவர்கள் ஒளியை மறைக்கத் துளைத் தகடுகளைப் பயன்படுத்தினார்கள். 25 எழுத்துச் சங்கிலிக்கு 100 தகடுகள் வரை தேவைப்படலாம். சங்கிலியை மாற்றினால் தகடும் புதிது. சிறிய ஆய்வுக்கூடங்களுக்குக் கட்டுப்படியாகாத சங்கதி.

1999-ல் விஸ்கான்சின் பல்கலைக்கழகக் குழு ஒன்று தகடுகளையே ஒழித்தது. திரையில் படம் காட்டும் புரொஜெக்டருக்குள் இருக்கும் சில்லை எடுத்துக்கொண்டார்கள். அதில் லட்சக்கணக்கான நுண் ஆடிகள். கம்ப்யூட்டர் சொன்னபடி ஒவ்வொன்றும் சாயும். பிம்பத்தைத் தகட்டில் விழச் செய்ய ஆஃப்னர் அமைப்பு. 1970களில் எலெக்ட்ரானிக் சில்லு அச்சடிக்கப் பயன்பட்ட ஆடி அமைப்பு அது. லென்ஸ் இல்லாததால் நிறப்பிழை இல்லை. என் மாணவர் சொன்ன அதே 'பழைய கதை'.

இதில் கடினமான வேலை வெளிச்சத்தைக் கொண்டுவருவதல்ல, இருட்டைக் காப்பாற்றுவது. 60 எழுத்துச் சங்கிலி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வோர் எழுத்துக்கும் நான்கு முறை ஒளி பாய்ச்ச வேண்டும். ஓர் இடம் அதில் ஒரு முறை ஒளிபெறும், மூன்று முறை இருட்டில் இருக்கும். மொத்தம் 180 இருட்டுகள். ஒவ்வொரு முறையும் நானூறில் ஒரு பங்கு ஒளி சிந்தினால்கூட, முடிவில் அது கிட்டத்தட்ட அரைப் பங்கு வெளிச்சமாகச் சேர்ந்துவிடும். கேட்காத எழுத்துகள் வந்து ஒட்டும். புற்றுநோய்க் கட்டியில் எந்த மரபணு வேலை செய்கிறது என்று இத்தகைய தகட்டை வைத்துப் பார்க்கிற ஆய்வாளருக்கு, பிழையான சங்கிலி பிழையான சாட்சி.

சரி, ஒளியை எங்கே தடுப்பது? துவாரத்தைப் பெரிதாக்கினால் பிம்பம் கூர்மையாகும். ஆடிகளின் விளிம்பில் சிதறிய ஒளியும் கூடவே உள்ளே வரும். சிறிதாக்கினால் சிதறல் குறையும். ஆனால் ஒளி விளிம்பு விலகிப் பக்கத்து இடத்தில் கசியும். இரண்டுக்கும் நடுவே சரியான அளவைப் பிடிப்பதுதான் வடிவமைப்பு. 2009-ல் ஆர்என்ஏவையும் இப்படி ஒளியால் கட்டிக் காட்டினார்கள். அதன் வேதியியல் இன்னும் சிக்கலானது. ஆனால் இருட்டைக் காக்கும் கவலை அதேதான்.

நான் ஓய்வுபெற்ற பிறகு எங்கள் ஒளியியல் ஆய்வுக்கூடத்தைக் கம்ப்யூட்டர் அறையாக மாற்றிவிட்டார்கள். கம்ப்யூட்டர் வேண்டாமென்று யார் சொன்னது? அந்த நுண் ஆடிகளை ஆட்டிவைப்பதே அதுதான். ஆனால் ஒளி எங்கெல்லாம் சிந்தும் என்பதை இருட்டறையில் நின்று கண்ணால் பார்த்தவருக்குத்தான், எதைக் கணக்கிட வேண்டும் என்று தோன்றும். உயிரியல் படிக்கப் போகும் பிள்ளைகளுக்கும் அந்த இருட்டறையில் ஒரு மணி நேரமாவது கிடைக்க வேண்டும்.