பிள்ளை அழுததை நான் சொல்லவில்லை

அட்லாண்டாவில் எங்கள் நண்பர் வட்டத்தில் யாராவது குடும்பத்தோடு ஆர்லாண்டோவுக்குக் கிளம்பினால் முதலில் எனக்குத்தான் போன் வரும். எந்த மாதம் போகலாம், எந்த நாளில் கூட்டம் குறைவு, டிஸ்னி வேர்ல்டின் ஹாலோவீன் பார்ட்டிக்கு டிக்கெட் எடுக்கலாமா என்று கேட்பார்கள். மணிக்கு மணி குறித்து வைத்திருந்த என் எக்செல் அட்டவணையை அனுப்பிவிடுவேன். அதை நம்பிப் பல குடும்பங்கள் போய்வந்தன. அந்த அட்டவணைப்படி நாங்கள் போன நாளில் என்ன நடந்தது என்பதை மட்டும் ஒருவரிடமும் சொல்லவில்லை. நான் மறைத்ததால் இன்னொரு வீட்டுப் பிள்ளை அடி வாங்கியது. அதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

விவரம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். டிஸ்னி வேர்ல்டில் மேஜிக் கிங்டம் என்ற பூங்கா 1971 அக்டோபர் 1ஆம் தேதி திறக்கப்பட்டது. பகல் டிக்கெட்டோடு சேராமல், தனி டிக்கெட் வாங்கிப் போகிற இரவு விழாக்கள் அங்கே உண்டு. கிறிஸ்துமஸ் பார்ட்டி 1983இல் தொடங்கியது. ஹாலோவீன் பார்ட்டி 1995இல் ஒரே ஓர் இரவாகத் தொடங்கி, இன்று ஆகஸ்டிலிருந்து அக்டோபர் 31 வரை குறிப்பிட்ட இரவுகளில் நடக்கிறது. நேரம் மாலை ஏழு முதல் நள்ளிரவு வரை. பார்ட்டி டிக்கெட் இருந்தால் நான்கு மணிக்கே உள்ளே விடுவார்கள். பகல் டிக்கெட்டில் வந்தவர்கள் ஆறு மணிக்கு மேல் வெளியேற வேண்டும். பார்ட்டிக்காரர்களின் கையில் பட்டை கட்டிவிடுவார்கள். மாறுவேடம் போட்டுக்கொண்டு மிட்டாய் வாங்கலாம், கோட்டை முன்னால் மேடைக் கூத்து பார்க்கலாம், அணிவகுப்பும் வாணவேடிக்கையும் உண்டு. 2024இல் பெரியவர்களுக்கான டிக்கெட் 119 டாலரில் தொடங்கி, நாளைப் பொறுத்து 199 டாலர் வரை போனது. மூன்று வயது நிரம்பிய பிள்ளைக்கும் டிக்கெட் வேண்டும். அதில் குறைவது கொஞ்சம்தான்.

அதே ஊரில் யுனிவர்சல் பூங்காவும் 1991 முதல் ஹாலோவீன் இரவுகளை நடத்துகிறது. அது உண்மையாகவே பயமுறுத்துவது. பதின்மூன்று வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு ஏற்றதல்ல என்று அவர்களே சொல்லிவிடுகிறார்கள். எங்கள் மகனுக்கு அப்போது ஒன்பது வயது, மகளுக்கு நான்கு. அதனால் டிஸ்னி என்று முடிவு செய்தோம். அந்த முடிவில் தவறில்லை. தவறு அதற்குப் பிறகு என்னிடம் தொடங்கியது.

பார்ட்டி நாட்களில் பூங்கா பகலில் வந்தவர்களுக்குச் சீக்கிரம் மூடப்படுகிறது. இரவு வாணவேடிக்கை பார்க்க நினைப்பவர்கள் அந்த நாளைத் தவிர்ப்பதால் பகலில் கூட்டம் குறையும். இதைத் தெரிந்துகொண்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. பார்ட்டி டிக்கெட்டோடு அதே நாளுக்குப் பகல் டிக்கெட்டும் வாங்கினேன். காலை ஒன்பது மணிக்கு நுழைந்து நள்ளிரவில் வெளியே வருவது என்று திட்டம். எந்த ரைடு எத்தனை மணிக்கு, எங்கே சாப்பாடு, அணிவகுப்புக்கு எந்த ஓரத்தில் நிற்பது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம் இருந்தது. மகளின் மதியத் தூக்கத்துக்குக் கட்டம் இல்லை. என் அம்மாவின் முழங்காலுக்கும் இல்லை.

என் மனைவி எச்சரித்தாள். “நாலு மணிக்குப் போனாப் போதுங்க. சின்னவ மத்தியானம் தூங்கலைன்னா தாங்கமாட்டா” என்றாள். ஏழு மணி நேரம் கார் ஓட்டிக்கொண்டு போகிறோம், இவ்வளவு பணம் கட்டியிருக்கிறோம், அரை நாளை ஹோட்டலில் தூங்கிக் கழிப்பதா என்று கேட்டு அவள் வாயை அடைத்தேன். மேலூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து அம்மா வந்து எங்களோடு தங்கியிருந்தார். டிக்கெட் விலையை அவரிடம் மறைத்தேன். தெரிந்தால் வரமாட்டேன் என்று சொல்லிவிடுவார் என்ற பயம்.

அன்று பகலில் அம்மாவுக்குப் பிடித்த ஓர் இடம் கிடைத்தது. ‘கரோசல் ஆஃப் புரோகிரஸ்’ என்ற சுழலும் அரங்கம். 1964ஆம் ஆண்டு நியூயார்க் உலகக் கண்காட்சிக்காகச் செய்யப்பட்டு, 1975 முதல் ஃபுளோரிடாவில் இருப்பது. ஒரு குடும்பத்தின் வீட்டுக்குள் மின்சாரமும் அடுப்பும் குளிர்பதனப் பெட்டியும் தலைமுறைக்குத் தலைமுறை எப்படி மாறின என்பதைப் பொம்மைகள் நடித்துக் காட்டும். சுமார் இருபது நிமிடம் குளிர்ச்சியில் உட்கார்ந்திருக்கலாம். இங்கிலீஷ் தெரியாத அம்மாவுக்கு அடுப்படி புரிந்தது. “இன்னொரு தடவ பாத்துட்டு வர்றேன்ய்யா, நீங்க போய்ட்டு வாங்க” என்றார். அடுத்த கட்டத்துக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி அவரைக் கிளப்பினேன். அந்தப் பயணம் முழுவதிலும் அவர் என்னிடம் கேட்டது அது ஒன்றுதான்.

அக்டோபரிலும் ஆர்லாண்டோவில் வெயில் சுட்டெரிக்கும். மாலையானபோது மகளின் முகம் வாடிவிட்டது. எட்டரை மணிக்குத் தள்ளுவண்டியில் தூங்கிப்போனாள். அணிவகுப்பு தொடங்கும் நேரத்தில் நான் அவளை எழுப்பினேன். மனைவி வேண்டாம் என்று என் கையைப் பிடித்தாள். கையை உதறிவிட்டுப் பிள்ளையைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டேன்.

அந்த அணிவகுப்புக்கு முன்னால், தலையில்லாத குதிரைவீரன் ஒருவன் ஒளிரும் பூசணிக்காயைக் கையில் ஏந்தித் தனியாகக் குதிரையில் வருவான். பின்னால் கல்லறை தோண்டுபவர்கள் மண்வெட்டியைத் தரையில் உரசித் தீப்பொறி பறக்கவிடுவார்கள். விழித்திருக்கும் பிள்ளைக்கு அது கொண்டாட்டம். தூக்கத்திலிருந்து எழுப்பப்பட்ட நான்கு வயதுப் பிள்ளைக்கு இருட்டில் முதலில் தெரிந்தது தலையில்லாத ஆள். அவள் வீறிட்டாள். என் தலைமுடியைப் பிடித்துக்கொண்டு, “வீட்டுக்குப் போலாம்பா” என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். நான் அவளைக் கீழே இறக்கி, கையை அழுத்திப் பிடித்து, அழுதால் இனி எங்கேயும் கூட்டிக்கொண்டு போகமாட்டேன் என்று மிரட்டினேன். மகன் சாயங்காலம் முழுக்க ஸ்பேஸ் மவுண்டன் போகலாமா என்று கேட்டுக்கொண்டிருந்தான். பார்ட்டி நேரத்தில் அங்கே வரிசை குறைவு. பிடித்த இடம் போய்விடும் என்று அவனையும் நிற்க வைத்திருந்தேன். அப்போது அவன் சொன்னான், “எனக்கு ரைடு வேணாம்ப்பா, பாப்பாவக் கூட்டிட்டுப் போயிடலாம்.” ஒன்பது வயதுப் பையனுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை. வாணவேடிக்கை முடியும்வரை எல்லோரையும் நிற்க வைத்தேன். அம்மா ஒரு விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். அதன் பிறகும் மேடைக் கூத்து பாக்கி என்று கோட்டைப் பக்கம் இழுத்துக்கொண்டு போனேன்.

நள்ளிரவில் எல்லோரும் ஒரே நேரத்தில் வெளியேறுவார்கள். காரை நிறுத்திய இடத்துக்குப் போக ஏரியைப் படகில் கடக்க வேண்டும், அல்லது மோனோரயில் ஏற வேண்டும். அதற்கும் வரிசை. மறுநாள் அம்மாவால் காலை ஊன்ற முடியவில்லை. முழங்கால் வீங்கியிருந்தது. ஏன் ராத்திரியே சொல்லவில்லை என்று கேட்டேன். “உனக்குக் கோவம் வந்துரும்னுதான்ய்யா சொல்லல” என்றார். என் தாய் என்னிடம் வலியைச் சொல்லப் பயந்திருக்கிறார்.

இவ்வளவும் நடந்த அந்த இரவில் நான் எடுத்த ஒரு படம் இருக்கிறது. மிட்டாய் வாங்கும் இடத்தில், இளவரசி வேடத்தில் மகள். அழுகை வருவதற்கு முன்னால் எடுத்தது. பின்னால் கோட்டை ஊதா வெளிச்சத்தில் நிற்கிறது. அதை வாட்ஸப் குழுவில் போட்டேன். பாராட்டுகள் வந்தன. எப்படித் திட்டம் போட்டீர்கள் என்று கேட்டார்கள். அட்டவணையை அனுப்பினேன், ஒரு கட்டத்தைக்கூட மாற்றாமல்.

அடுத்த ஆண்டு நண்பர் ஒருவரின் குடும்பம் அதே அட்டவணையோடு போய்வந்தது. அவர்களுக்கும் அதே வயதில் ஒரு மகள். திரும்பி வந்ததும் நண்பரின் மனைவி என்னிடம் சொன்னார்: “எங்க பிள்ளைதாண்ணே அடம்பிடிச்சு எல்லாத்தையும் கெடுத்துட்டா. உங்க பாப்பா எவ்வளவு சமத்தா இருந்திருக்கா.” அந்தப் பிள்ளை பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தது. என் மகளும் அழுதாள், நானும் தோற்றேன் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். சின்னப் பிள்ளைகள் அப்படித்தான் என்று சமாதானம் சொல்லிவிட்டு நகர்ந்தேன். திட்டம் போடுவதில் கெட்டிக்காரன் என்ற பெயர் எனக்கு அவ்வளவு வேண்டியிருந்தது.

இதை எழுத உட்காருவதற்கு முன் அவர்கள் வீட்டுக்குப் போய் உண்மையைச் சொன்னேன். நண்பரின் மனைவி வெகுநேரம் பேசவில்லை. பிறகு, “அன்னைக்கு ராத்திரி அவளை அடிச்சிட்டேண்ணே” என்றார். எனக்குப் பதில் இல்லை. இப்போதும் இல்லை.

நான் ஏன் இப்படி இருந்தேன் என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். குறிப்பிட்ட இரவுகளில் மட்டும் நடக்கிற விழா, இன்று விட்டால் கிடைக்காது என்ற பதற்றத்தைத் தரும். பணம் திரும்பி வராது என்பது அதைக் கூட்டும். ஒன்பதரை மணிக்கு வெளியேறினாலும் நள்ளிரவில் வெளியேறினாலும் கட்டிய பணம் போனது போனதுதான். இருந்து பார்த்து அதை மீட்க முடியாது. இது தெரியாதவன் அல்ல நான். ஆனாலும் போட்ட காசுக்குப் பிள்ளையின் சிரிப்பை வசூலிக்க நின்றேன். பூங்காவின் மேல் சொல்ல ஒன்றுமில்லை. நேரத்தையும் விதிகளையும் அவர்கள் முன்கூட்டியே தெளிவாகச் சொல்லியிருந்தார்கள். என் வீட்டு ஆட்கள் தாங்கும் அளவு மட்டும் அதில் இருக்காது. அதைப் பார்த்துக்கொள்ள வேண்டியவன் நான்.

அந்த அட்டவணைக்குப் பதிலாக நான் சொல்லியிருக்க வேண்டியவை இவை. பார்ட்டிக்குப் போகிற நாளில் பகல் டிக்கெட் வாங்காதீர்கள். மதியம் பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டு, நான்கு மணிக்கு மேல் உள்ளே போங்கள். அதே இரவில் நடக்கும் இரண்டாவது அணிவகுப்பில் கூட்டம் குறைவு என்று எல்லோரும் சொல்வார்கள். அது உண்மைதான், ஆனால் பதினொரு மணிக்கு மேல் நடப்பது. வளர்ந்த பிள்ளைகள் இருந்தால் மட்டும் அதை நம்புங்கள். அணிவகுப்பு, வாணவேடிக்கை, மேடைக் கூத்து மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். மற்றவை கிடைத்தால் கிடைக்கட்டும். சத்தத்துக்குப் பயப்படும் பிள்ளையானால் வாணவேடிக்கைக்கு முன்பே கிளம்பிவிடுங்கள். மெயின் ஸ்ட்ரீட்டின் முடிவில் குழந்தைகள் பராமரிப்பு மையம் இருக்கிறது. சின்னப் பிள்ளையை அமைதியாக உட்கார வைக்க நல்ல இடம். பெரியவர்களுக்கு நுழைவாயிலிலேயே சக்கர நாற்காலி வாடகைக்குக் கிடைக்கும். எடுப்பதில் கூச்சம் வேண்டாம். அவர்கள் வாயால் கேட்கட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம், கேட்கமாட்டார்கள். கடைசியாக, இரண்டு பெரியவர்கள் இருந்தால் ஒருவர் சின்னவரோடு முன்னால் கிளம்புவது என்று காலையிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். இரவில் அந்தப் பேச்சு சண்டையாகிவிடும்.

என் அட்டவணை யாரிடமாவது இன்னும் இருந்தால் தயவுசெய்து அழித்துவிடுங்கள். அதை வைத்துக்கொண்டு போய், உங்கள் பிள்ளை அழுதிருந்தால், அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு உன்மேல் தப்பில்லை என்று சொல்லுங்கள். என் மகளிடம் நான் சொல்லிவிட்டேன். அம்மாவிடமும் போனில் மன்னிப்புக் கேட்டேன். அந்த நாளில் அடம்பிடித்தது நான் ஒருவன்தான்.