கேட் போட்டாச்சு

பழைய தமிழ்ப் படத்தில் ரயில் கவிழப்போகிறது என்று தெரிந்தால் வீட்டில் என்னை டிவி பக்கம் விட மாட்டார்கள். கதாநாயகியின் அப்பா அந்த ரயிலில்தான் வந்துகொண்டிருப்பார். மழை கொட்டும், பாலம் ஆடும், வயலின்கள் அலறும். வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் நான் சிரித்துத் தொலைப்பேன். ஸ்டூடியோ தரையில் ஓடும் பொம்மை ரயில் அது என்று எல்லோருக்கும்தான் தெரியும். படம் எடுத்தவர் மனம் கோணக்கூடாதென்று பேசாமல் இருக்கிறார்கள். எனக்கு அந்தப் பெருந்தன்மை வரவில்லை.

பெட்டி, ஜன்னல், வர்ணம் எல்லாவற்றையும் கச்சிதமாகச் செய்துவைத்தும் எப்படி ஒரே பார்வையில் குட்டு வெளிப்பட்டுவிடுகிறது என்பதுதான் ரொம்ப நாளாக என்னைக் குடைந்தது. காட்டிக்கொடுப்பவை இரண்டு. ஒன்று தண்ணீர். எத்தனை பெரிய ஆர்ட் டைரக்டராலும் தண்ணீர்த் துளியைச் சின்னதாகச் செய்ய முடியாது. எஞ்சின் ஆற்றில் விழுந்ததும் அதன் புகைபோக்கி அளவுக்கு ஒரு துளி எழும்பி மானத்தை வாங்கிவிடும். இன்னொன்று நேரம். நிஜப் பாலத்திலிருந்து எஞ்சின் விழ 2 நொடி ஆகுமென்றால், 16-ல் ஒரு பங்காகச் செய்த பாலத்திலிருந்து அரை நொடியில் விழுந்துவிடும். பொம்மைதானே என்று பூமி தன் இழுப்பைக் குறைத்துக்கொள்வதில்லை. இதற்கு மாற்று உண்டு. கேமராவை 4 மடங்கு வேகத்தில் ஓட்டி எடுத்து வழக்கமான வேகத்தில் திரையிட்டால் போதும், கையளவு எஞ்சின் டன் கணக்கில் கனத்துக்கொண்டு விழும். 16-க்கு 4, அதாவது அளவின் வர்க்கமூலம். நம் ஆட்கள் பல பேர் ஃபிலிம் செலவை நினைத்து இந்த வர்க்கமூலத்தைக் கைவிட்டார்கள் என்று நினைக்கிறேன்.

இதே கணக்கைத் தலைகீழாகப் போட்டவர்கள் ஊமைப்பட நகைச்சுவைக்காரர்கள். கேமராவின் கைப்பிடியை மெதுவாகச் சுற்றி, நொடிக்கு 12, 14 படம் என்று எடுத்து, அதை வேகமாக ஓட்டிக் காட்டினார்கள். தொப்பையும் மீசையுமாக ஒரு போலீஸ்காரர் ஓடிவருவார். வேகம் கூடியதும் அவருடைய எடை எங்கோ போய்விடும். எடை இல்லாதவர் மாடியிலிருந்து விழுந்தாலும் அடிபடாது. அடிபடாது என்ற தைரியம் வந்த பிறகுதான் நமக்குச் சிரிப்பு வருகிறது. பொம்மையை நிதானப்படுத்தினால் ரயிலாகிறது, மனிதனை முடுக்கிவிட்டால் பொம்மையாகிறான். ஒரே கைப்பிடிதான், சுற்றுகிற விதம் வேறு.

கப்பலில் வேலை பார்க்கும் என் தங்கை மகன் சென்ற விடுமுறைக்கு வந்தபோது ஹாம்பர்க்கில் வாங்கிய ஒரு ரயில் செட்டோடு வந்தான். ஹெச்.ஓ. அளவு, அதாவது நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு. ராயபுரத்தில் அவர்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையைக் காலி செய்து தண்டவாளம் மாட்டி, திருகியைக் கடைசிவரை திருகினான். ரயில் கிறுகிறுவென்று சுற்றியது.

“மெதுவா விடுடா.”

“இது எக்ஸ்பிரஸ், மாமா.”

காகிதத்தில் போட்டுக் காட்டினேன். மணிக்கு 87 கிலோமீட்டர் ஓடும் ரயில் இந்த மேசையில் மணிக்கு 1 கிலோமீட்டர்தான் ஓடவேண்டும். நொடிக்கு 28 சென்டிமீட்டர். எறும்பை விடச் சுறுசுறுப்பு, அவ்வளவுதான். அவன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தான். கொருக்குப்பேட்டை கேட்டில் நின்று 58 வேகன் சரக்கு ரயிலை எண்ணி வளர்ந்த பையன் இவன். நிற்கிற சரக்கு வண்டி கிளம்பும்போது பார்த்திருப்பீர்கள். முதல் வேகன் அசைந்து, அதன் கொக்கி இறுகி அடுத்ததை இழுத்து, டங், டங், டங் என்று அந்தச் சத்தம் கடைசி வேகனுக்குப் போய்ச் சேர்வதற்குள் பக்கத்து பைக்காரர் ஒரு டீ குடித்துவிடலாம். எடை என்றால் என்னவென்று எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் சொல்லித்தர வேண்டியதில்லை. மாடல் ரயிலில் ஊறியவர்களும் தங்கள் எஞ்சின் எத்தனை வேகம் போகும் என்று பீற்றிக்கொள்வதில்லை. நின்றுவிடாமல் எத்தனை மெதுவாக ஊரும் என்பதில்தான் அவர்களுக்குப் போட்டி.

ஊமைப்பட நகைச்சுவைக்காரர் பஸ்டர் கீட்டனுக்கு இது தெரிந்திருந்தது. ‘தி ஜெனரல்’ படத்தை 1926-ல் ஓரிகான் மாநிலத்துக் காட்டேஜ் குரோவ் என்ற ஊரில் எடுத்தார். காதலி கைவிட்ட சோகத்தில் எஞ்சின் சக்கரங்களைச் சேர்க்கும் இரும்புத் தண்டின்மேல் போய் உட்காருவார். எஞ்சின் கிளம்பும். தண்டு அவரைத் தூக்கும், இறக்கும், மறுபடி தூக்கும். மனிதருக்கு உறைப்பதற்குள் ஷெட்டுக்குள் போய்விடுவார். சிரிப்பெல்லாம் அந்த மெதுவில்தான் இருக்கிறது. சக்கரம் ஒருமுறை வழுக்கிச் சுழன்றிருந்தால் ஆள் பிழைத்திருக்க மாட்டார். படத்தின் கடைசியில் எரியும் பாலத்தோடு ரயில் ஆற்றில் விழவேண்டும். மற்றவர்களாக இருந்தால் மேசைமேல் பொம்மையை வைத்து முடித்திருப்பார்கள். இவர் நிஜப் பாலம் கட்டி, நிஜ எஞ்சினை ஓட்டிவிட்டு, ஒரே தடவையில் எடுத்தார். அந்த ஒரு ஷாட்டுக்கு 42,000 டாலர் ஆனதாகச் சொல்வார்கள். இரண்டாம் உலகப்போர் காலத்தில் பழைய இரும்புக்காக எடுத்துப்போகும் வரை எஞ்சின் அந்த ஆற்றிலேயே கிடந்தது. படம் அப்போது எதிர்பார்த்தபடி ஓடவில்லை.

நிஜ ரயிலைக் கவிழ்த்தவர் வீட்டில் வைத்து விளையாடியது பொம்மை ரயில். வயதான காலத்தில் கலிஃபோர்னியா வீட்டுத் தோட்டத்தில் அவருடைய குட்டி ரயில் விருந்தாளிகளுக்குத் தின்பண்டம் சுமந்து போகும். அந்த யோசனை அவரிடம் வெகு காலமாக இருந்தது. 1922-ல் வந்த ‘தி எலக்ட்ரிக் ஹவுஸ்’ படத்தில் தாவரவியல் படித்த கீட்டன் சான்றிதழ் மாறிப்போய் எலக்ட்ரிக்கல் என்ஜினியர் ஆகிவிடுவார். ஒரு பணக்காரரின் வீடு முழுவதையும் மின்மயமாக்குவார். சமையலறையிலிருந்து சாப்பாட்டு மேசைக்கு உணவைக் கொண்டுவருவது ஒரு பொம்மை ரயில். அப்புறம் நிஜ என்ஜினியர் பழிவாங்க வந்து கம்பிகளை மாற்றிவிட, வீட்டுக்கே பேய் பிடித்துவிடும்.

சினிமாவில்தான் இதெல்லாம் என்று நினைத்தால் குவாலியர் போய் வாருங்கள். ஜெய்விலாஸ் அரண்மனையின் விருந்துக் கூடத்தில் நீண்ட மேசை, அதன்மேல் தண்டவாளம், அதில் மகாராஜா மாதவராவ் சிந்தியாவின் வெள்ளி ரயில். பெட்டிகளில் பிராந்தியும் சுருட்டும் வரும். குப்பியைத் தூக்கினால் ரயில் நிற்கும், திரும்ப வைத்தால் நகரும். மேசைமேல் மட்டுமல்ல, மண்மேலும் மகாராஜாவுக்கு ரயில் ஆசை. குவாலியரிலிருந்து ஷியோப்பூர் வரை சுமார் 200 கிலோமீட்டருக்கு 2 அடி அகலத் தண்டவாளம் ஓடியது இந்தச் சமஸ்தானத்தில்தான். ‘ஃப்ரீடம் அட் மிட்நைட்’ புத்தகத்தில் லாப்பியரும் காலின்ஸும் ஒரு கதை சொல்கிறார்கள். வைஸ்ராய்க்கு விருந்து. மகாராஜாவே ஸ்விட்ச் பலகையில். எங்கோ கம்பி உரசிக்கொள்ள, ரயில் வெறிபிடித்து மேசையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பாய்ந்து, குழம்பையும் மாட்டிறைச்சியையும் பட்டாணி மசியலையும் சீமான்கள் மடியில் எல்லாம் விசிறியடித்ததாம். கதையில் உப்புக் காரம் கூடுதலாக இருக்கலாம். இருக்கட்டுமே. கம்பி உரசும் அந்தக் கணம் வரை மகாராஜாவின் ரயில் கௌரவமாக ஊர்ந்துகொண்டிருந்தது. வேகம் கூடியதும் வைஸ்ராயின் விருந்து கோமாளிப் படமாகிவிட்டது பாருங்கள்.

சின்ன வயதில் எங்களிடம் வெள்ளி இல்லை. ஆனால் திருவொற்றியூரில் தீப்பெட்டிக்குப் பஞ்சம் கிடையாது. விம்கோ தீப்பெட்டித் தொழிற்சாலை இருந்த ஊர். ரயில் நிலையத்துக்கே விம்கோ நகர் என்று பெயர், இப்போது அந்தப் பெயரில் மெட்ரோவும் வந்து நிற்கிறது. காலிப் பெட்டிகளின் உள்தட்டை உருவி நூலில் கோத்தால் கூட்ஸ் வண்டி. துடைப்பக்குச்சி இரண்டு வரிசை வைத்தால் தண்டவாளம். எஞ்சின்தான் பிரச்சினை. கையால் இழுத்தால் அது ரயில் இல்லை, நாய்க்குட்டி. எதிர்வீட்டு அண்ணன் ஒருவர் அதற்கு வழி கண்டுபிடித்தார். கொடுக்காப்புளி மரத்தில் பிடித்த பொன்வண்டு. பச்சையும் பொன்னுமாக மின்னும் அந்த முதுகைப் பார்த்தால் எந்த எக்ஸ்பிரஸும் தோற்றுவிடும். அதன் கழுத்து இடுக்கில் நூலைக் கட்டி, பின்னால் தீப்பெட்டிகளை மாட்டி, கடைசி நான்கு பெட்டிகளில் சரக்காகக் கூழாங்கல் நிரப்பினார். துவக்க விழாவுக்குத் தெருப்பிள்ளைகள் அத்தனை பேரும் திண்ணையில். தங்கை விசில். எனக்குப் பச்சைக்கொடி, அதாவது அப்பாவின் துண்டு.

பொன்வண்டு நடந்தது. நிஜமாகவே நடந்தது. முதல் இரண்டு பெட்டிகள் நகர்ந்தன. அந்த மெதுவான ஊரல் இன்னும் என் கண்ணில் இருக்கிறது, சரக்கு ரயில் தோற்றுவிடும். கைதட்டல். கைதட்டலில் மிரண்டதோ என்னவோ, எஞ்சின் முதுகைத் திறந்து இறக்கையை விரித்தது. ர்ர்ர் என்று கிளம்பி முதல் பெட்டியோடு ஆகாயத்தில் ஏற, கல் ஏற்றிய பெட்டிகள் விடமாட்டேன் என்று தரையில் நிற்க, நூல் நீளத்துக்கு வட்டமடித்து, பாட்டியின் கொண்டையில் இறங்கியது. பாட்டி முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். இழுபட்ட தீப்பெட்டி ஒன்று முறத்துக்குள் விழுந்தது. பாட்டி நிமிரவில்லை, புடைப்பதை நிறுத்தவும் இல்லை. இடது கையால் கொண்டையிலிருந்து பொன்வண்டை எடுத்து, அரிசியிலிருந்து தீப்பெட்டியை எடுத்து, இரண்டையும் அண்ணனிடம் நீட்டி, “எந்த ஊரு வண்டிடா இது?” என்று கேட்டாள். முகத்தில் ஒரு சுருக்கம் மாறவில்லை. கல்முகக்காரர் என்று கீட்டனை உலகம் கொண்டாடியபோது எனக்குப் பெரிய வியப்பு ஒன்றும் ஏற்படாததற்கு இதுதான் காரணம்.

நம் பக்கத்தில் ரயில்வேக்கும் சினிமாவுக்கும் தொடுப்பு பழையது. திருச்சியில் தென்னிந்திய ரயில்வேயில் வரைவாளராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட் 1905-ல் ஒரு பிரெஞ்சுக்காரரிடமிருந்து புரொஜெக்டரை வாங்கிக்கொண்டு வேலையை விட்டுவிட்டு ஊர் ஊராகக் கூடாரம் போட்டார். நாகேஷ் ரயில்வேயில் குமாஸ்தா. ஒரு நாடகத்தில் வயிற்றுவலிக்காரனாகச் சில நிமிடம் துடித்ததைப் பார்த்துத் தலைமை தாங்க வந்த எம்.ஜி.ஆர். பாராட்டினார் என்பது ஊரறிந்த கதை. ‘சர்வர் சுந்தர’த்தில் கைகொள்ளாமல் டம்ளர்களைச் சுமந்து வருவாரே, அது விழுமா விழாதா என்கிற அந்த அரை விநாடியை அவர் தள்ளிப்போடும் லாகவம் டைம்டேபிள் தெரிந்தவருடையது. நாகேஷைப் படக்கருவியின் வேகத்தைக் குறைத்து எடுக்கவேண்டிய தேவையே இருக்கவில்லை. உடம்பிலேயே எடை கிடையாது.

எடையைத் திருப்பி வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு 1982-ல் வந்த ‘மூன்றாம் பிறை’யின் கடைசிக் காட்சி இருக்கிறது. கேத்தி ஸ்டேஷன், மழைச் சேறு. கமல் வழுக்கி விழுகிறார், கம்பத்தில் மோதிக்கொள்கிறார், தலையில் பானையை வைத்துக்கொண்டு குரங்கு போல ஆடுகிறார். பட்டியலாக எழுதினால் ஒவ்வொன்றும் கீட்டன் செய்ததுதான். ஆனால் விழுந்தவருக்கு எடை இருக்கிறது, அடி பட்டது தெரிகிறது. தியேட்டரில் ஒரு சிரிப்பு எழவில்லை. ஊட்டி மலை ரயிலை நாம் பொம்மை ரயில் என்று கொஞ்சுவதுண்டு. அன்று அது நகர்ந்த நகர்வில் பொம்மைத்தனம் துளியும் கிடையாது.

கீட்டனின் ‘ஒன் வீக்’ 1920-ல் வந்த குறும்படம். புதுமணத் தம்பதி தாங்களே கட்டிய கோணல் வீட்டை இழுத்துப்போகும்போது அது தண்டவாளத்தின் குறுக்கே மாட்டிக்கொள்ளும். ரயில் வரும். இருவரும் கண்ணைப் பொத்திக்கொள்வார்கள். ரயில் பக்கத்துத் தண்டவாளத்தில் சாவகாசமாகப் போய்விடும். அப்பாடா என்று கையை எடுப்பதற்குள் எதிர்த்திசையிலிருந்து இன்னொரு ரயில் வந்து வீட்டைச் சுக்குநூறாக்கும்.

நூறு வருடமாக உலகம் வியக்கிற இந்தக் காட்சியை எங்கள் பக்கத்தில் தினமும் காசில்லாமல் பார்க்கலாம். 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்குத் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் போனது. அன்றிலிருந்து ரயில்கள் போய்க்கொண்டிருக்கின்றன, நாங்கள் நின்றுகொண்டிருக்கிறோம். போன வாரம் கொருக்குப்பேட்டையில் கேட் போட்டாச்சு. மீன்கூடை, பள்ளிக்கூட வேன், துறைமுகத்துக்குப் போகும் டிரெய்லர், குனிந்து சைக்கிளை நுழைக்கும் வீரர்கள் எல்லாரும் ஆஜர். கடைசி வேகன் கடந்து, கார்டு பெட்டியும் போனது. அத்தனை வண்டியும் ஒரே நேரத்தில் உறுமின. முன்னால் இருந்த ஆட்டோவை இடிக்கிற மாதிரி நானும் ஸ்கூட்டரை நகர்த்தினேன். ஆட்டோக்காரர் ஸ்டார்ட் செய்யவே இல்லை. கேட் கம்பத்தை ஒரு பார்வை, எதிர்ப்பக்கம் சிக்னலை ஒரு பார்வை. பிறகு முகத்தில் எந்தச் சலனமும் இல்லாமல் என்னிடம் சொன்னார்:

“எதிர்ல இன்னொரு வண்டி கீது சார். ஆஃப் பண்ணிக்கோ.”