தஞ்சைக் கலைக்கூடமும் என் அப்பாயியும்

பொங்கல் லீவில் நான் என் அப்பாயியுடன் தஞ்சாவூர் அரண்மனைக் கலைக்கூடத்துக்குப் போனேன். அதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

இந்தக் கலைக்கூடம் 1951-ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. நாயக்க மன்னர்கள் கட்டிய அரண்மனைக்குள் இருக்கிறது. கற்சிலைகளும் செப்புத் திருமேனிகளும் நிறைய உள்ளன. தாராசுரத்துக் கருங்கல் சிலை ஒன்றில் சிவபெருமான் யானையை அழித்து அதன் தோலைப் போர்த்தி ஆடுகிறார். பார்க்கவே பயமாக இருந்தது.

எல்லாவற்றிலும் அழகு ரிஷபவாகன தேவர்தான். திருவெண்காட்டில் கிடைத்தவர். 1011-ஆம் ஆண்டு செய்தது. அதாவது பெரிய கோயில் கட்டி முடித்த அடுத்த வருஷம்! முதலில் மெழுகில் உருவம் செய்து, அதன்மேல் மண் பூசிக் காயவைத்து, சூடாக்கி மெழுகை வெளியே விட்டு, அந்த இடத்தில் உருக்கிய உலோகத்தை ஊற்றுவார்களாம். சுவாமிமலையில் இன்றைக்கும் இப்படித்தான் செய்கிறார்கள். சாமி ஒரு காலை இன்னொரு காலுக்குக் குறுக்கே வைத்து, தலைமுடியைத் தலைப்பாகை மாதிரிச் சுற்றிக்கொண்டு நிற்கிறார். பக்கத்தில் அம்மனும் இருக்கிறார். அம்மன் சிலை 1012-இல் செய்தது.

அப்பாயிக்குப் படிக்கத் தெரியாது. அது சிலையையே ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "ஏம்மா, மாடு எங்கே?" என்று கேட்டது.

"எந்த மாடு?" என்றேன்.

"அந்தக் கையைப் பாரு. மாட்டு முதுகுல கை போட்டு நிக்கிறவன்தான் இப்படிச் சாஞ்சு நிப்பான்."

அப்போதுதான் கவனித்தேன். சாமியின் ஒரு கை சும்மா காற்றில் நிற்கிறது. ரிஷபம் என்றால் காளை. காளை இப்போது இல்லை, கை மட்டும் இருக்கிறது. பெயரைப் படித்த எனக்குத் தெரியவில்லை. மாடு வளர்த்த அப்பாயிக்குத் தெரிந்துவிட்டது.

அடுத்து நடந்ததை எழுதக் கூச்சமாக இருக்கிறது. அப்பாயி கன்னத்தில் போட்டுக்கொண்டு, தரையில் விழுந்து கும்பிட்டது. அங்கே நின்ற இரண்டு அக்காக்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். நான் உடனே வேறு சிலைப் பக்கம் போய், அப்பாயி யாரோ என்பது போல நின்றுகொண்டேன். அப்பாயி எழுந்து, "பாப்பா, பாப்பா" என்று என்னைத் தேடியது. நான் திரும்பவே இல்லை.

பஸ்ஸில் அப்பாயி ஒன்றுமே கேட்கவில்லை. முறுக்கு வாங்கிக் கொடுத்தது. என்னால் அதைத் தின்ன முடியவில்லை. ஆயிரம் வருஷமாகக் கும்பிடத்தானே அந்தச் சாமியைச் செய்தார்கள்? அப்பாயி செய்ததில் என்ன தப்பு? தப்பு செய்தது நான்தான்.

அடுத்த மாதம் நம் பள்ளியில் பழம்பொருள் கண்காட்சி நடக்கப்போகிறது. எங்கள் வீட்டுக் காளைகளை எப்போதோ விற்றுவிட்டோம். அவற்றின் கழுத்துச் சலங்கையை மட்டும் அப்பாயி துணியில் சுற்றி வைத்திருக்கிறது. அதை நான் கொண்டுவந்து வைப்பேன். அதைப் பற்றிச் சொல்ல அப்பாயியையும் கூட்டிக்கொண்டு வர டீச்சரிடம் அனுமதி வாங்கிவிட்டேன். இந்தத் தடவை நான் அப்பாயி பக்கத்திலேயே நிற்பேன். எல்லோரும் கட்டாயம் வந்து பாருங்கள்.



— 9-ஆம் வகுப்பு மாணவி