இழந்த வல்லினம்

கல்வராயன் மலைமேலுள்ள வெள்ளிமலை எம் தாய் பிறந்த ஊர். விடுமுறைதோறும் ஆங்குச் செல்லுங்கால், "மாப்பிள்ளை!" என்று தொலைவிலேயே அழைக்கும் எம் தாய்மாமன் குரலே எம்மை முதற்கண் எதிர்கொள்ளும்.

2021-ஆம் ஆண்டில், கொரோனா நீங்கிய சின்னாட்களில், அம்மாமனைக் கருப்புப் பூஞ்சை பற்றிற்று. நீரிழிவுடையாரைப் பெரிதும் நாடும் இந்நோய், மூக்கைச் சூழ்ந்த அறைகளிற் புகுந்து, இரத்தக்குழாய்களை அடைத்து, எலும்பை மடியச் செய்வது. கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பெற்றது 2022-இல் ஆகலின், அவரைத் தொலைநகருக்குக் கொண்டுசென்றோம். உயிர் காக்கும்பொருட்டு வைத்தியர் மேல்தாடையின் ஒருபாதியை அகற்றினர்.

உயிர் நின்றது, சொல் நிற்கவில்லை. வாய்க்கும் மூக்குக்கும் இடைச்சுவர் ஒழிந்தமையால், குடித்த கஞ்சி மூக்கில் வந்தது. வல்லின ஓசைக்கு வாயினுள் காற்றுத் தேங்கல் வேண்டும். அக்காற்று மூக்கால் ஒழுகவே, வல்லினமெல்லாம் மெல்லினமாயின. "மாப்பிள்ளை" என்பது "மாம்மிள்ளை" ஆயிற்று. தொலைபேசியில் அவர் பேச்சு விளங்காமையால், யாம் அழைப்பதையே குறைத்தோம், அவரும் வாய்மூடினார். இதனை எழுத நாணுகின்றோம்.

தகட்டால் அத்துளையை அடைக்கும் முறை புதிதன்று. பதினாறாம் நூற்றாண்டிலேயே பிரெஞ்சு ரணவைத்தியர் அம்புருவாஸ் பாரே அதனை விவரித்துள்ளார். ஆயின் அதற்கு வாயினுள் அச்செடுத்தல் வேண்டும். தழும்பால் இறுகிய வாயிற் குழம்பு நிறைந்த தட்டைச் செலுத்தியபொழுது, மாமன் மூச்சுத் திணறி அதனைத் தட்டிவிட்டார், மறுமுறை இசையவில்லை.

ஈராண்டு கழித்து, வேறொரு மருத்துவமனையில், ஸ்கேனர் என்னும் சிறுகோலை வாயினுட் செலுத்தினர். அது ஒளியால் எடுத்த எண்ணிறந்த படங்களைக் கணினி ஓருருவாக இணைத்தது. அவ்வுருவினின்று பிசினால் அடுக்கடுக்காக ஒரு மாதிரி அச்சிடப்பெற்றது. அதன்மேல் தகடு செய்தனர். ஒளி புகாத ஆழ்குழிக்கு மட்டும் சிறிது குழம்பு வேண்டியிருந்தது. தகட்டைத் தேய்த்துச் சீர்செய்ய மும்முறை மலையிறங்கவும் நேர்ந்தது. ஆகவே கருவி அனைத்தையும் செய்துவிட்டதென்று கூறோம். அஞ்சி அகன்றவரை மீண்டும் நாற்காலியில் அமரச் செய்ததே அதன் பேருதவி.

ஒருநாள் மாலை விடுதியில் எம் தொலைபேசி ஒலித்தது. "மாப்பிள்ளை, ஏன் பேசுவதில்லை?" வல்லினம் தெளிவாகக் கேட்டது. யாம் விடைகூற நெடுநேரமாயிற்று.

மாணவ நண்பர்களே, சொல்லிழந்தாரிடம் பேச, தகடு வரும்வரை காத்திருத்தல் ஆகாது. அன்று குறைபட்டது அவர் நா அன்று, எம் செவியே.