மண்ணுக்கடியில் ஒரு கூரை

ஹான்ஃபோர்டுத் தொட்டிகள் என்றதும் எல்லோரும் கேட்பது கசிவைப் பற்றித்தான். கேட்க வேண்டியதுதான். அணுகுண்டுக்குப் புளூட்டோனியம் பிரித்தபின் மிஞ்சிய கழிவு, வாஷிங்டன் மாநிலத்தின் அந்த வறண்ட நிலத்தில் 177 தொட்டிகளில் கிடக்கிறது. ஏறக்குறைய 21 கோடி லிட்டர். அவற்றில் 149 ஒற்றை உறைத் தொட்டிகள். அறுபதுக்கும் மேற்பட்டவை கசிந்திருக்கும் என்று கருதப்படுகின்றன. ஆனால் கழிவைப் பிடித்துவைப்பது உள்ளிருக்கும் எஃகுத் தகடு. மேலுள்ள மண்ணைத் தாங்குவது கான்கிரீட். என் வேலை அந்தக் கான்கிரீட்டோடு.

பெரிய தொட்டிகளின் விட்டம் 75 அடி. நடுவில் ஒரு தூண்கூடக் கிடையாது. தலைமேல் ஆறடிக்கும் அதிகமான மண். அந்தப் பாரத்தைக் குவிமாடக் கூரை சுவருக்கு இறக்கும்போது அதன் விளிம்பு வெளிப்பக்கம் விரியப் பார்க்கும். மரச்சக்கரத்தை இரும்புப் பட்டா இறுக்குவதுபோல, விளிம்பைச் சுற்றி ஓடும் வளையக் கம்பிகள் அதைப் பிடித்து நிறுத்துகின்றன. அவற்றை நாங்கள் அறிவதெல்லாம் பழைய வரைபடங்களின் வழியேதான்.

வயதைவிட வெப்பமே கான்கிரீட்டுக்குப் பெரிய பகை. நல்ல கான்கிரீட் ஆண்டுகள் போகப் போகக் கெட்டிப்படும். கழிவின் சூடு நீண்டகாலம் தாக்கினாலோ சிமெண்டில் பிணைந்த நீர் வெளியேறி, வலிமையும் விறைப்பும் குறையும். அதே சுமையின்கீழ் கூடுதலாக வளையும். ஆகவே ஒரு தொட்டியின் கணக்கைத் தொடங்குமுன் அதன் பழைய வெப்பநிலைப் பதிவுகளைத் தேடி எடுப்பேன். ஏ-105 தொட்டியில் 1965ஆம் ஆண்டு சூட்டால் அடித்தகடே மேல்நோக்கி உப்பிவிட்டது. அப்படிப்பட்ட சூட்டைக் கண்ட கான்கிரீட்டுக்கும், அதைக் காணாத தொட்டியின் கான்கிரீட்டுக்கும் ஒரே வலிமையை எழுத எனக்கு மனம் வராது.

அன்றாடத்தில் நாங்கள் காவல் காப்பது தொட்டியின் மேல்தரையை. கிரேன், பம்ப், மூடிக்கட்டை என எது வந்தாலும் எடை பதிவாக வேண்டும், எங்கே நிற்கும் என்பதும் சேர்த்து. கழிவை வெளியே எடுக்கவே கனமான கருவிகள் வேண்டியிருப்பதால், பழைய கூரைக்கு இப்போதுதான் புதிய பாரம் வருகிறது. குறிப்பிட்ட இடைவெளியில் குவிமாடத்தின் மட்டத்தை அளந்து முந்தைய அளவோடு ஒப்பிடுவோம். சில மில்லிமீட்டர் இறக்கம் தெரிந்தாலே விசாரிக்கத் தொடங்கிவிடுவோம்.

சி-107 தொட்டியில் கழிவெடுக்கும் கருவியை இறக்க, குவிமாடத்தில் 55 அங்குல விட்டத்துக்குத் துளை போட்டார்கள். கார்னெட் மணித்தூள் கலந்த நீரை உயரழுத்தத்தில் பாய்ச்சி, கம்பியும் சேர்த்தே அறுத்தார்கள். 1940களில் வார்த்த கான்கிரீட் அப்போதுதான் சோதிக்கக் கையில் கிடைத்தது. 2014இல் ஏ-106இன் சுவரிலிருந்தும் மாதிரி எடுத்தார்கள். உள்ளே 300 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு பதிவான தொட்டி அது. எத்தனை கணினி மாதிரிகள் போட்டாலும் இப்படி ஒரு துண்டு தரும் உறுதி தனி. 149 ஒற்றை உறைத் தொட்டிகளில் வெட்டிப் பார்த்தவை மிகச் சில. அதிகம் சூடேறியவற்றிலிருந்து இன்னும் சிலவற்றை எடுத்தாக வேண்டும் என்று ஒவ்வொரு ஆய்வுக் கூட்டத்திலும் கேட்டுவருகிறேன்.