வரைய வராதவர்களுக்கு ஒரு நோட்டு

“எனக்கு ஒரு கோடுகூட நேரா வராது.” ஆர்ட் ஜர்னல் என்ற பேச்சை எடுத்ததும் நான் அதிகம் கேட்கும் பதில் இதுதான். சொல்பவர்கள் வங்கியில் வேலை பார்ப்பவர்கள், ஆசிரியர்கள், இரண்டு பிள்ளைகளை வளர்க்கும் தாய்மார்கள். உயர்நிலை இரண்டில் ஓவியப் பாடம் முடிந்த அன்றே தூரிகையோடு இருந்த உறவும் முடிந்துவிட்டது. நான் பதிலுக்கு ஒன்றுதான் கேட்பேன்: “உங்க வீட்டுல யாராவது கோல நோட்டு வச்சிருந்தாங்களா?”

பெரும்பாலும் இருந்திருக்கும். எங்கள் வீட்டிலும் இருந்தது. தம்பி பள்ளியில் பாதி எழுதிவிட்டுப் போட்ட கட்டம் போட்ட கணக்கு நோட்டு ஒன்றை அம்மா எடுத்துக்கொண்டார். ஒரு பக்கத்தில் 15 புள்ளி, இடைப்புள்ளி 8 என்று குறித்துக் கோலம். ஓரத்தில் பென்சிலில் “பொங்கல் 2011, மழைச் சாரல், தாழ்வாரம் முழுக்க ஈரம்” என்று ஒரு வரி. அதற்குக் கீழே யாரோ தர வேண்டிய சீட்டுப் பணக் கணக்கு. இன்னொரு பக்கத்தில் மயில் கோலம், அதன் கழுத்தில் தம்பியின் மெழுகு வண்ணம். நடுவே வார இதழிலிருந்து வெட்டி ஒட்டிய பூ மாதிரி. எழுத்து, படம், ஒட்டியது, நாள், வானிலை, மனநிலை எல்லாம் ஒரே பக்கத்தில். இதற்குத்தான் இன்று ஆர்ட் ஜர்னல் என்று பெயர் வைத்து வகுப்பு நடத்துகிறார்கள். அம்மா கேட்டிருந்தால் சிரித்திருப்பார்.

அம்மா 2023 மார்ச்சில் தவறிவிட்டார். அதற்குப் பிறகு சில வாரங்கள் நான் எழுத முயன்றேன். மனத்தில் இருப்பதை எழுது, பாரம் குறையும் என்று எல்லாரும் சொன்னார்கள். உட்கார்ந்தால் வரவில்லை. என் தமிழ் பள்ளிக்கூடத்துக் கட்டுரைத் தமிழ். அதில் அம்மாவைப் பற்றி எழுதினால் ஆண்டு விழா நன்றியுரை மாதிரி இருந்தது. ஆங்கிலத்தில் எழுதினால் சரளமாக வந்தது. ஆனால் அம்மாவுக்கே சரியாகப் புரியாத மொழியில் அம்மாவைப் பற்றி எழுதுவது என்னவோபோல் இருந்தது. இரண்டு மொழியும் கைவிட்டபோதுதான் கத்தரிக்கோலையும் பசையையும் எடுத்தேன்.

அம்மாவின் கைப்பையில் ரசீதுகள் இருந்தன. தேக்காவில் மளிகை வாங்கியது, மருந்தகம், ரொட்டிக் கடை என்று பதினேழு. நான் கணக்குத் துறையில் இருப்பவள், நாள் முழுதும் ரசீதுகளோடு வாழ்பவள். ஆகவே ஒன்று உடனே தெரிந்தது: இவை நிற்காது. கடை ரசீதுகள் வெப்பத்தாளில் அச்சாகின்றன. அதில் மையே கிடையாது. தாளின் மேல் பூசிய வேதிப்பொருள் சூடு பட்டுக் கருக்கிறது, அவ்வளவுதான். வெயில், வெப்பம், கையிலுள்ள எண்ணெய்ப் பசை, சிலவகைக் கோந்து, எது பட்டாலும் எழுத்து மங்கிக்கொண்டே போகும். நம் ஊர் வெக்கையில் இன்னும் சீக்கிரம். ஏற்கெனவே இரண்டு ரசீதுகள் வெறும் சாம்பல் நிறத் தாளாகிவிட்டிருந்தன.

அதனால் படி எடுத்தேன், என் கையெழுத்தில். மல்லி 500 கிராம். காய்ந்த மிளகாய். நல்லெண்ணெய். ரஸ்க் 2. சிறு பிள்ளைக் காலுறை 1 ஜோடி. கடைசி வரியில் பேனா நின்றது. யாருக்குக் காலுறை? தம்பி மகளுக்கு அப்போது நான்கு வயது. அலமாரியைத் துழாவியபோது, மடித்த புடவைகளுக்கு அடியில், விலைச்சீட்டுகூடக் கிழிக்காமல் இருந்தது. மஞ்சள் நிறம், ஓரத்தில் வாத்து. ஒன்றைப் பிள்ளையிடம் கொடுத்தேன். ஒற்றைக் காலுறையோடு அன்று முழுவதும் வீட்டைச் சுற்றினாள். மற்றொன்றை அந்தப் பட்டியலுக்கு எதிர்ப்பக்கத்தில் ஊசி நூலால் தைத்துவைத்தேன். அதுதான் என் முதல் பக்கம். அதில் நான் வரைந்தது ஒன்றுமே இல்லை.

ஆகவே தொடங்க விரும்புகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது, வரைவதிலிருந்து தொடங்காதீர்கள். ஒட்டுவதிலிருந்து தொடங்குங்கள். ஒட்ட என்ன இருக்கிறது என்பது வேறு கேள்வி. நம்மூரில் பேருந்துச் சீட்டு அரிதாகிவிட்டது, பெரும்பாலும் அட்டையைத் தட்டுவதுதான். ஆனாலும் வீட்டைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தால் கிடைக்கும். கோயில் விபூதிப் பொட்டலம், தீபாவளி அன்பளிப்பு உறை, தேயிலைப் பையின் நுனியிலுள்ள சிறு அட்டை, வராத அதிர்ஷ்டத்தின் ஃபோர்டி சீட்டு, புளோக்குக்குக் கீழே உதிர்ந்த இலை. இலையை ஒட்டுவதாக இருந்தால் கனமான புத்தகத்துக்கு நடுவில் இரண்டு வாரமாவது அழுத்திவைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு ஒட்டுங்கள். ஈரம் இருந்தால் பூஞ்சை பிடித்து அடுத்த நான்கு பக்கத்தையும் சேர்த்துக் கெடுக்கும்.

பொருள் வாங்குவது பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது, ஏனென்றால் பலருக்கு அங்கேயே பணமும் ஆர்வமும் தீர்ந்துவிடுகிறது. பிராஸ் பசா வளாகத்துக்குப் போய் 48 வண்ணப் பெட்டி வாங்கினால் அதைத் திறக்கவே பயமாக இருக்கும். முதல் மாதத்துக்குத் தேவை ஒரு நல்ல நோட்டு, பசை, கத்தரிக்கோல், ஒரு பேனா, ஆறு வண்ணங்கள் உள்ள சிறிய நீர்வண்ணப் பெட்டி. காசைத் தாளில் போடுங்கள். தாளின் கனத்தை ஜிஎஸ்எம் என்று அட்டையில் போட்டிருப்பார்கள். ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் என்பதுதான் அது. அலுவலக அச்சு இயந்திரத் தாள் பொதுவாக 80. அதில் தண்ணீர் பட்டால் சுருங்கும், பின்பக்கம் ஊறும். நீர்வண்ணத்துக்கென்றே வரும் தாள் 300 இருக்கும், விலையும் அதற்கேற்ப. இடையில் 160 முதல் 200 வரை உள்ள நோட்டு தொடக்கத்துக்குப் போதும். லேசான வண்ணத்தைத் தாங்கும், ஒட்டினாலும் கிழியாது.

வெள்ளைப் பசையைத் தாராளமாகத் தடவினால் தாள் அலை அலையாக எழும்பும். குச்சிப் பசை போதும். அக்ரிலிக் வண்ணம் பளிச்சென்று இருக்கும், ஆனால் காய்ந்த பிறகும் நம் ஈரக்காற்றில் பிசுபிசுப்பு முழுதாகப் போகாது; மூடி வைத்தால் இரண்டு பக்கமும் ஒன்றையொன்று விடாது. நடுவில் கேக் சுடும்போது போடும் தாளை வெட்டி வைத்தால் தீர்ந்தது. எழுதிய பிறகு வண்ணம் பூசுவதாக இருந்தால், பேனா மை தண்ணீரில் கலைகிறதா என்று ஓரத்தில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். சாதாரண பால்பாயிண்ட் பேனா எண்ணெய் மை என்பதால் பெரும்பாலும் கலையாது. விலை உயர்ந்த பேனாக்கள் சில கண்ணீர் விட்டுவிடும்.

வண்ணமே வாங்காமலும் தொடங்கலாம். கோப்பி-ஓ கொஞ்சம் மிச்சம் வைத்துத் தூரிகையால் பூசினால் பழைய கடிதம்போல் அழகான பழுப்பு. மஞ்சள்தூளைத் தண்ணீரில் குழைத்துப் பூசி, காய்ந்ததும் அதன்மேல் வெற்றிலைச் சுண்ணாம்பைத் தொட்டு இழுத்துப் பாருங்கள். தொட்ட இடமெல்லாம் சிவக்கும். ஆரத்தித் தட்டில் நாம் பார்த்துப் பழகியதுதான், தாளில் பார்க்கும்போது புதிதாக இருக்கும். மஞ்சள் வெளிச்சத்தில் வெளுக்கும் என்பது உண்மை. நோட்டை மூடி வைத்தால் கொஞ்ச நாள் கூடுதலாக இருக்கும். எல்லாம் என்றென்றைக்கும் இருக்க வேண்டுமா என்ன?

வரைதலுக்கு வருவோம். கிமோன் நிக்கோலைடிஸ் என்ற அமெரிக்க ஓவிய ஆசிரியரின் புத்தகம் அவர் மறைந்த பிறகு, 1941இல் வெளிவந்தது. அதில் உள்ள ஒரு பயிற்சி இன்றும் எல்லா ஓவிய வகுப்பிலும் உண்டு. ஒரு பொருளை எதிரில் வையுங்கள். பேனாவைத் தாளில் வையுங்கள். இனித் தாளைப் பார்க்கக் கூடாது. கண் பொருளின் ஓரத்தில் எறும்புபோல் மெதுவாக ஊர வேண்டும், கை அதே வேகத்தில் பின்தொடர வேண்டும். முடிந்ததும் பார்த்தால் குவளையின் கைப்பிடி குவளையைவிட்டு வெளியே நிற்கும். சிரிப்பு வரும். அது போதும். நேர்க்கோடு வராதவர்களுக்கு இது பெரிய விடுதலை, ஏனென்றால் இதில் யாருக்குமே நேராக வராது. நான் எம்ஆர்டியில் தூங்குகிறவர்களை இப்படித்தான் வரைகிறேன். உட்லண்ட்ஸில் ஏறி நியூட்டன் வருவதற்குள் இரண்டு பேர். முகம் யாருடையது என்று அவர்களுக்கே தெரியாது.

ஒரு பக்கம் பிடிக்கவில்லையென்றால் கிழிக்காதீர்கள். ஜெஸோ என்ற வெள்ளை அடிப்பூச்சு கடையில் கிடைக்கும். மேலே ஒரு பூச்சு பூசிவிட்டு மறுபடி தொடங்கலாம். பழையது அடியில் லேசாகத் தெரிந்தால் இன்னும் நல்லது.

மெக்சிகோ ஓவியர் ஃப்ரீடா காலோ தம் கடைசிப் பத்தாண்டுகளில், 1944 முதல் 1954 வரை, இப்படி ஒரு நோட்டு வைத்திருந்தார். 1995இல் அது அச்சாகி வந்தது. மை சிந்திய இடங்களைக்கூட உருவங்களாக மாற்றியிருக்கிறார். நோயும் வலியும் நிறைந்த ஆண்டுகள் அவை. நூலகத்தில் கிடைத்தால் புரட்டிப் பாருங்கள். அருங்காட்சியகச் சுவரில் இருக்கும் ஃப்ரீடாவைவிட இந்த ஃப்ரீடா நமக்குப் பக்கத்தில் இருப்பார். இங்கேயே பார்க்க வேண்டுமென்றால், நம் தேசிய அரும்பொருளகத்தின் வில்லியம் ஃபார்குவார் தொகுப்பில் 477 ஓவியங்கள் இருக்கின்றன. ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன் மலாக்காவில் சீன ஓவியர்கள் வரைந்த செடிகொடிகள், பறவைகள், விலங்குகள். வரைந்தவர்களின் பெயர் நமக்குத் தெரியாது. ஆனால் பக்கத்துச் சந்தையில் விற்கிற பழத்தை இத்தனை கவனத்தோடு பார்க்கலாம் என்பதை அவர்களிடம் கற்றுக்கொள்ளலாம்.

நேரம் எங்கே என்று கேட்பீர்கள். எனக்கு இரவு 15 நிமிடம், வாரத்தில் மூன்று நாள். அதற்கு மேல் போனால் அது இன்னொரு வேலையாகிவிடும். இன்னொரு நிபந்தனை, இது என் விருப்பம் மட்டுமே: நான் எந்தப் பக்கத்தையும் இன்ஸ்டகிராமில் போடுவதில்லை. போட ஆரம்பித்தால் அடுத்த பக்கத்தை யாருக்காகச் செய்கிறோம் என்பது மாறிவிடுகிறது. அழகான பக்கங்களாக வரத் தொடங்கும். ரசீதுகள் காணாமல் போகும்.

வீட்டில் நோட்டைச் சாப்பாட்டு மேசையிலேயே விட்டுவைப்பது வழக்கம். அப்பா அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. அம்மாவைப் பற்றியும் அதிகம் பேசுவதில்லை. கப்பல் பட்டறையில் 31 ஆண்டு வேலை பார்த்த மனிதர். கேட்டால் பதில், இல்லாவிட்டால் செய்தித்தாள். சென்ற ஆண்டு ஒரு நாள் காலையில் நோட்டின் மேல் ஒரு டோட்டோ சீட்டு இருந்தது. குப்பையென்று நினைத்து எடுக்கப் போனேன். “அது உங்கம்மா நம்பரு,” என்றார் செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து. அம்மாவின் பிறந்தநாள், திருமணநாள், பழைய வீட்டு எண். மூன்று வெள்ளிக்கும் நான்கு வெள்ளிக்கும் வாரம் தவறாமல் வாங்கிக்கொண்டிருந்திருக்கிறார். ஒட்டினேன். அடுத்த வாரம் இன்னொன்று வந்தது.

பிறகு தம்பி மகள்தான் அவரை இழுத்துப் போட்டாள். அவள் இப்போது தொடக்கநிலை ஒன்று. “தாத்தா, பாட்டி தைக்கிற மெஷின் எப்படி இருக்கும்? அத்தைக்கு வரையத் தெரியலை,” என்றாள். அம்மாவின் மிதி தையல் எந்திரம் வீடு மாறியபோதே கைமாறிவிட்டது. அப்பா எழுந்து போய் அடிக்கோல், பென்சில், மூக்குக் கண்ணாடி எல்லாவற்றோடும் வந்தார். பட்டறையில் இயந்திர வரைபடம் பார்த்துப் பழகிய கை. ஒரு மணி நேரம் குனிந்த தலை நிமிரவில்லை. சக்கரம், வார், மிதிபலகை எல்லாம் பல கோணத்தில், அம்புக்குறி போட்டு மில்லிமீட்டரில் அளவும் எழுதினார். அளவு எப்படித் தெரியும் என்று கேட்டதற்கு, “எத்தனை தடவை நான்தானே ரிப்பேர் பண்ணேன்,” என்றார். அதற்குப் பிறகு தானாகவே பேச ஆரம்பித்தார். அம்மா தைத்த முதல் சட்டை அவருடையதாம். ஒரு கை நீளமாக இருந்ததாம். அதைப் போட்டுக்கொண்டே ஒரு வருடம் வேலைக்குப் போனாராம்.

ஒரே சிக்கல், மேசையின் இழுப்பறைகள். பக்கத்துக்கு ஒன்று என்கிறார் அப்பா. இரண்டிரண்டு என்று எனக்கு நினைவு. நடு இழுப்பறையில் பொத்தான் டப்பா இருந்தது, அதற்குக் கீழே ஒன்று இருந்தால்தானே அது நடு? எங்களிடம் ஒரு புகைப்படம்கூட இல்லை. ஈப்போவிலுள்ள சின்னம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் கேட்டிருக்கிறோம். அதுவரை அந்த மூலையை அப்பா பென்சிலில் விட்டுவைத்திருக்கிறார்.