ஒரு பக்கெட் ராகி

மகளுக்குக் குதிரையேற்றம் கற்றுக்கொள்ள ஆசை. அதனால் சனிக்கிழமைதோறும் டொராண்டோவுக்கு வடக்கே ஒரு லாயத்துக்கு டிரைவர் வேலை எனக்கு. போன வாரம் அங்கே ஒரு கிழட்டுக் குதிரை, தீவனத்தைத் தொடாமல் திரும்பித் திரும்பித் தன் விலாவையே பார்த்துக்கொண்டு நின்றது. அந்தப் பார்வை எனக்குத் தெரியும்.

என் ஊர் மார்டள்ளி. (நான் பிறந்தபோது மைசூர் மாவட்டம். 1997ல் சாமராஜநகரோடு போய்விட்டது.) தெருக்கோடித் தாத்தா ஒருவர் கழுதை வைத்து மூட்டை சுமந்து பிழைத்தார். எனக்குப் பத்து வயது. ராகி அறுவடை முடிந்த நேரம். எப்போதும் காய்ந்த புல்தானே தின்கிறது, பாவம் என்று ஒரு பக்கெட் ராகியை யாருக்கும் தெரியாமல் கொண்டுபோய் அதன் முன்னால் வைத்தேன். அவ்வளவும் தின்றது. அன்று ராத்திரியே தரையில் விழுந்து புரண்டது. மறுநாள் ராத்திரி செத்துப்போனது. ஏதோ பூச்சி கடித்திருக்கும் என்றார்கள். நான் வாயே திறக்கவில்லை.

லாயத்துக்கு வந்த கால்நடை மருத்துவர் ஊசி போட்டு, குதிரையை மெல்ல நடக்கவிட்டார். அது தேறியதும் அவரிடம் பேச்சுக் கொடுத்தேன். மாடு தின்ற புல் முதலில் முன்வயிற்றில் நொதிக்கிறது. குதிரை, கழுதை, வரிக்குதிரைக்கு அந்த வேலை பின்குடலில். பெரிய குதிரைக்கு அங்கே முப்பது லிட்டர் கொள்ளும் பை ஒன்றே இருக்கிறதாம். கோடானுகோடி நுண்ணுயிர்கள் நாரை நொதிக்கவைத்துக் கொழுப்பு அமிலங்களாக மாற்றுகின்றன. குதிரைக்குத் தெம்பில் பெரும்பங்கு அதிலிருந்துதான். சம்பாதிப்பது கிருமி, செலவழிப்பது குதிரை என்று என் பி.காம். மூளை குறித்துக்கொண்டது! குட்டிகள் தாயின் விட்டையைத் தின்பதும் இந்தக் கிருமிகளைப் பெறத்தானாம். நான் சீ என்று விரட்டியிருக்கிறேன்.

திடீரென்று தானியம் நிறையப் போனால், சிறுகுடலில் செரிக்காத மாவுச்சத்து பின்குடலுக்கு வந்துவிடும். அதைத் தின்னும் கிருமிகள் பெருகும், புளிப்பு ஏறும், நார் தின்பவை சாகும். வாயுவும் நஞ்சும் சேரும். பிழைத்தாலும் குளம்பு வீங்கி நொண்டும். வாந்தி எடுத்துத் தப்பிக்கவும் இவற்றால் முடியாது. தீவனத்தை மாற்றுவதென்றால் ஒன்றிரண்டு வாரம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் மாற்ற வேண்டுமாம்.

ராத்திரி ஊருக்குப் போன் போட்டு, முதல்முறையாக அம்மாவிடம் சொன்னேன். தாத்தா போய்ப் பல வருஷம் ஆகிறது.

"அவருக்கு அன்னிக்கே தெரியும்டா" என்றார் அம்மா. "நம்ம பக்கெட்டக் கழுவி நம்ம வாசல்லயே வெச்சிட்டுப் போனாரே."